நீல மூக்குக் கிளி

பச்சைக்கிளியின் மூக்கு என்ன நிறம்?

சிவப்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீ முறைப்பது தெரிகிறது, கண்ணு. கொஞ்சம் பொறு. போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிளி வந்தது. அதன் மூக்கு நல்ல நீலம். கழுத்தில் இருக்கும் ரோஜா நிற வளையம்கூட ஊதாவாக இருந்தது.

பறந்து வரவில்லை. என் பழைய கணினியில், ஒரு வீடியோவில் வந்தது.

அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு முடித்தவள். பரணில் கிடந்த கணினியைத் தூசு தட்டி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டு அவளிடம் கொடுத்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கூடத்திலிருந்து சத்தம்.

"சித்தப்பா, ஓடி வாங்க! எல்லாரும் நீலமா இருக்காங்க!"

ஓடினேன். கிளி முடிந்து சமையல் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சமைக்கிற அம்மாவின் முகம் நீலம். அவர் நறுக்கும் தக்காளியும் நீலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "கிருஷ்ணரே வந்து சமைக்கிற மாதிரி இருக்குடா" என்றார்.

"மானிட்டர் போச்சு" என்றேன் நான். பெரியவர்கள் இப்படித்தான். விசாரிக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவோம்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கிளியோட உடம்பு பச்சையாத்தானே இருந்துச்சு? மூக்கு மட்டும் ஏன் மாறணும்?"

இந்தக் கேள்விக்கு ஒரு கூடை மல்கோவா கொடுக்கலாம். நிறம் மாறிய பொருளை எல்லாரும் பார்ப்பார்கள். மாறாமல் இருந்த பொருளை அவள் பார்த்தாள். அதை வைத்துத்தான் அன்றைக்குக் கள்ளனைப் பிடித்தோம். எப்படி என்று சொல்கிறேன், வா.

முதலில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் கேட்டுவிட்டு ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திற. கடுகளவு தண்ணீரை விரல் நுனியால் திரையில் வை. கடுகளவுதான், கொட்டிவிடாதே! இப்போது அந்தத் துளிக்குள் உற்றுப் பார். துளி ஒரு குட்டி லென்சாக வேலை செய்யும். வெள்ளை காணாமல் போய்விடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாகத் தெரியும். பார்த்தாயா? துணியால் துடைத்துவிட்டு வா.

அந்தப் பொடி விளக்குகளில் வெள்ளை விளக்கு கிடையாது. மஞ்சள் விளக்கும் கிடையாது. இருப்பவை மூன்றே நிறம். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு நீலம் சேர்ந்தால் ஒரு புள்ளி. சாதாரணமாக நாம் பார்க்கும் முழு எச்டி திரையில் இப்படி 1920 வரிசை, 1080 அடுக்கு. மொத்தம் 20,73,600 புள்ளிகள்.

ஒவ்வொரு விளக்கையும் எவ்வளவு எரிய விடுவது என்பதற்கு ஓர் எண் உண்டு. 0 என்றால் அணைந்திருக்கிறது. 255 என்றால் முழு வெளிச்சம். வானொலியின் சத்தத்தைத் திருகிக் கூட்டுகிறோமே, அதைப் போல. மூன்று திருகுகளையும் விதவிதமாகத் திருகினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். மூன்றே விளக்கில் இத்தனையா என்று மலைக்காதே. 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி லண்டனில் மூன்று விளக்குகளின் ஒளியை ஒரே இடத்தில் விழவைத்து, ஒரு கட்டம்போட்ட ரிப்பனின் வண்ணப்படத்தைக் காட்டிவிட்டார். நம் கண்ணுக்குள்ளும் நிறம் பார்க்கும் செல்கள் மூன்று வகைதான். அதனால்தான் மூன்று விளக்கு போதும்.

இப்போது சில நிறங்களைத் திருகிப் பார்ப்போமா?

தக்காளி: சிவப்பு நிறைய, மற்ற இரண்டும் கொஞ்சம். பழுத்த மாம்பழம்: சிவப்பு முழுக்க, பச்சை முக்கால், நீலம் இல்லவே இல்லை. சோறு: மூன்றும் முழுக்க. காக்கை: மூன்றும் அணைப்பு. எவர்சில்வர் தட்டு: மூன்றும் பாதிப் பாதி. கறிவேப்பிலை: பச்சை கூட, மற்ற இரண்டும் குறைவு.

இதுவரை புரிந்ததா? புரியவில்லை என்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி. அவசரமே இல்லை.

சரி, இப்போது ஒரு குறும்புக்காரன் வந்து சிவப்புக்கு உரிய எண்ணை நீலத்துக்கும், நீலத்துக்கு உரிய எண்ணைச் சிவப்புக்கும் மாற்றி வைக்கிறான் என்று வைத்துக்கொள். தக்காளி என்ன ஆகும்? நீலம். மாம்பழம்? ஆகாய நீலம். சோறு? மூன்றும் ஒரே எண்தானே, மாற்றினால் என்ன? வெள்ளை வெள்ளையேதான். காக்கையும் தட்டும் அப்படியே. கறிவேப்பிலையில் பச்சையை யாரும் தொடவில்லை, ஆகவே அதுவும் அப்படியே. மயிலின் கழுத்து என்ன ஆகும்? நீயே யோசி. பிறகு சொல்கிறேன்.

அண்ணன் மகள் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டாள். சமையல் வீடியோவை மறுபடி ஓடவிட்டோம். 'மாறியது' பக்கத்தில் தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய் வற்றல், சமைக்கிறவரின் முகம். 'மாறாதது' பக்கத்தில் கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், சோறு, கருப்பு எள், பாத்திரம். கத்தரிக்காய்க்கு எந்தப் பக்கமும் பிடிக்கவில்லை. கொஞ்சம் மாறியது போலவும் இருந்தது, மாறாதது போலவும் இருந்தது. கத்தரிக்காயின் ஊதாவில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய சமம் அல்லவா? இடம் மாறினாலும் பெரிதாகத் தெரியாது. அவள் அதைக் கோட்டின் மேலேயே எழுதிவிட்டாள். எனக்கு அது மிகவும் பிடித்தது. சந்தேகமானதைச் சந்தேகம் என்றே எழுதி வைப்பவர்கள் குறைவு.

இந்த நோட்டை வைத்து ஒவ்வொருவராக விசாரித்தோம்.

கேபிளில் சிவப்பு வரும் கம்பி அறுந்திருக்குமோ? பழைய மானிட்டர் கேபிள்களில் ஊசி வளைந்து அப்படி ஆவது உண்டு. ஆனால் சிவப்பே வராவிட்டால் சோறு வெள்ளையாக இருக்க முடியுமா? பச்சையும் நீலமும் மட்டும் எரிந்து சோறும் நீலம் பாய்ந்துவிடும். இங்கே சோறு பளீர் வெள்ளை. ஆகவே மூன்று விளக்கும் எரிகின்றன. கேபிளை விடுதலை செய்தோம்.

மானிட்டர்? வீடியோவைச் சிறிதாக்கிவிட்டுப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்தோம். திரையின் பின்னணியில் நான் வைத்திருந்தது எங்கள் ஊர்த் திருவிழாப் படம். பலூன்காரரின் சிவப்புப் பலூன் சிவப்பாகவே இருந்தது. அதே மானிட்டர், அதே விளக்குகள். காலையில் நான் திட்டிய மானிட்டரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வீடியோ கோப்பு? அதே கோப்பை என் கைப்பேசிக்கு மாற்றி ஓடவிட்டோம். கிளி மூக்கு சிவப்பு.

இன்னும் இரண்டு வீடியோ பிளேயர்களில் போட்டுப் பார்த்தோம். இரண்டிலும் நீலம். அப்படியென்றால், எல்லாப் பிளேயருக்கும் பொதுவான ஒருவரிடம்தான் கோளாறு. அவர் பெயர் வீடியோ டிரைவர். பாடப்புத்தகத்தில் இயக்கி என்று போட்டிருப்பார்கள்.

டிரைவர் என்றதும் பேருந்தை நினைக்காதே. இவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்தக் காலத்தில் துபாஷி என்பார்கள், இரண்டு மொழி தெரிந்தவர். பிளேயருக்கு ஒரு பாஷை. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கு வேறு பாஷை. நடுவில் நின்று இதை அதற்குச் சொல்லும் நிரல்தான் டிரைவர். துபாஷி ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் ராஜா கோபித்துக்கொள்வார். டிரைவர் மாற்றிச் சொன்னால் தக்காளி நீலமாகும்.

ஆனால் பலூன் ஏன் சரியாக இருந்தது? இதுதான் இந்தக் கதையிலேயே ருசியான இடம். கவனமாகக் கேள்.

வீடியோவைப் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று எழுதி வைப்பதில்லை. வேறு மாதிரி எழுதுவார்கள். வெளிச்சம் எவ்வளவு என்பது தனி. நீலச் சாயல் எவ்வளவு என்பது தனி. சிவப்புச் சாயல் எவ்வளவு என்பது தனி. இந்தப் பழக்கம் தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வருகிறது. 1982-இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, வீடுகளில் இருந்தவை கருப்பு வெள்ளைப் பெட்டிகள். புது ஒளிபரப்பு அதிலும் தெரிய வேண்டுமே! வெளிச்சம் தனியாக வந்ததால் பழைய பெட்டி அதை மட்டும் எடுத்துக்கொண்டது. வண்ணப் பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டது.

இன்னொரு லாபமும் உண்டு. நம் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தில் அவ்வளவு நுணுக்கம் போதாது. அதனால் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி எழுதிவிட்டு, சாயல்களை நான்கு புள்ளிக்கு ஒன்று என்று எழுதினாலே பெரும்பாலான வீடியோவுக்குப் போதும். கோப்பு சின்னதாகிவிடும்.

இப்போது உன் வீட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொள். அடியில் பெரிய டப்பா, அதில் சோறு. மேலே ஒரே அளவில் இரண்டு சின்ன டப்பாக்கள். ஒன்றில் சாம்பார், ஒன்றில் பாயசம். வீடியோவும் இப்படித்தான் வருகிறது. பெரிய டப்பாவில் வெளிச்சம். இரண்டு சின்ன டப்பாக்களில் நீலச் சாயலும் சிவப்புச் சாயலும்.

இரண்டு சின்ன டப்பாக்களில் எதை முதலில் வைப்பது? அங்கேதான் வம்பு. நீலத்தை முதலில் வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சிவப்பை முதலில் வைக்கும் வழக்கமும் உண்டு. இரண்டும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. டப்பாவை வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டும் ஒரே அளவு. எந்த வழக்கம் என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். எங்கள் வீட்டு டிரைவர் அந்தச் சீட்டைத் தப்பாகப் படித்தது. சோற்றில் சாம்பாருக்குப் பதில் பாயசத்தை ஊற்றிவிட்டது!

திருவிழாப் படம் இந்த டிபன் கேரியரில் வரவில்லை. பட நிரல் அதைச் சிவப்பு, பச்சை, நீலமாக ஆக்கியே கொடுத்துவிட்டது. அதனால்தான் பலூன் தப்பித்தது. புரிந்ததா, கண்ணு? 'புரிஞ்சுது' என்று நீ தலையாட்டினால் அடுத்ததற்குப் போகலாம்.

கள்ளனைப் பிடித்தாயிற்று. என்ன செய்வது? டிரைவரை எழுதியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். கார்டின் மாடல், டிரைவரின் பதிப்பு எண், கிளியின் படம், நோட்டின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அவர்களுக்கு எழுதிப் போட்டோம். பதில் வர நாளாகும். விடுமுறையோ பத்து நாள்தான் மீதி. பாலம் உடைந்தால் கட்டி முடியும்வரை பேருந்து சும்மா நிற்குமா? சுற்றுப்பாதையில் போகும். நாங்களும் சுற்றுப்பாதை தேடினோம்.

முதல் பாதை: டிரைவரிடம் டிபன் கேரியரைக் கொடுக்கவே கூடாது. சாயல்களை நிறமாக மாற்றும் கணக்கைக் கணினியின் மூளையான சிபியு செய்யட்டும். பிளேயரின் அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். மாற்றினோம். கிளி மூக்கு சிவந்தது! ஆனால் உள்ளே விசிறி 'ஙொய்' என்று அலறத் தொடங்கியது. கணக்கைப் பார்: நொடிக்கு 30 படம், படத்துக்கு 20,73,600 புள்ளி. நொடிக்கு 6,22,08,000 புள்ளிகளுக்குக் கணக்குப் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இதற்கென்றே பிறந்தது. பழைய சிபியு பாவம், மூச்சு வாங்கியது. கிளி பறக்கவில்லை, தத்தித் தத்திப் போயிற்று.

இரண்டாவது பாதையை அவளே சொன்னாள். "டிரைவர் மாத்தித்தானே ஊத்துது? நாமளே முன்னாடி மாத்தி வச்சுக் குடுத்துட்டா?"

அடடா! சாம்பார் இடத்தில் பாயசத்தையும் பாயச இடத்தில் சாம்பாரையும் வைத்து அனுப்புவது. அவர் வழக்கம்போல மாற்றி ஊற்றுவார். சோற்றில் சாம்பார் விழும். சட்டையை உள்வெளியாகத் திருப்பி, இன்னொரு முறையும் திருப்பினால் நேராகிவிடும் அல்லவா? அதேதான்.

இதற்கென்றே ஒரு வடிகட்டி உண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் அதன் பெயர் 'ஸ்வாப்யுவி'. இரண்டு சின்ன டப்பாக்களை இடம் மாற்றுவது தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. பிளேயரின் அமைப்புக் கோப்பில் அதை ஒரே வரியில் சேர்த்தோம். எண்களைக் கணக்குப் போடவே வேண்டாம், டப்பாவைக் கைமாற்றினால் போதும். அதனால் விசிறியும் அலறவில்லை. தக்காளி சிவந்தது. மயிலின் கழுத்து ஆரஞ்சும் சிவப்புமாக இருந்தது, இப்போது நீலம். நீ சொன்ன விடையும் இதுதானே?

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்து என்று நினைக்காதே. 2012-இல், உலாவிக்குள் வீடியோ ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரின் 11.2 பதிப்பு வந்தபோது, லினக்ஸும் என்விடியா கிராபிக்ஸ் கார்டும் வைத்திருந்த பலர் யூடியூபைத் திறந்தால் எல்லார் முகமும் நீலம். நிறையப் பேர் டிரைவரைத்தான் திட்டினார்கள். ஆனால் அங்கே டப்பாவை மாற்றி வைத்தது பிளேயர். துபாஷி ஒழுங்காகத்தான் சொன்னார், கொடுத்தவர்தான் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அப்போதும் மக்கள் இதே இரண்டு பாதைகளில்தான் போனார்கள். சிலர் ஃபிளாஷின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி, கார்டிடம் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம், பிளேயருக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கும் நிரல் நூலகத்திலேயே ஒரு மாற்று வழியைச் சேர்த்தார்கள். அது வாசலில் நிற்கும் வாட்ச்மேன் போல. வருவது ஃபிளாஷா என்று பார்க்கும். ஃபிளாஷ் என்றால் மட்டும் டப்பாக்களை இடம் மாற்றும். வேறு பிளேயர் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிடும். எல்லாருக்கும் மாற்றியிருந்தால் ஒழுங்காக வந்தவர்கள் நீலமாகியிருப்பார்கள்! 2020 முடிவோடு ஃபிளாஷே ஓய்வு பெற்றுவிட்டது.

நீ தினமும் பார்க்கும் குரோம் உலாவிக்குள்ளும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தக் கார்டு, இந்த டிரைவர், இந்தப் பதிப்பு என்றால் இன்ன சுற்றுப்பாதையில் போ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாமலே நம் பேருந்து தினமும் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

விடுமுறை முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் கணினியில் புதுப்பிப்பு ஓடியது. அன்று மாலை அம்மா சமையல் வீடியோ போட்டார்.

"டேய், கிருஷ்ணர் வந்துட்டார்!"

பார்த்தால் தக்காளி நீலம். ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்தேன். சொன்னால் சிரிப்பாய், கேபிளைக்கூடக் கழற்றி மாட்டினேன். கடைசியில் அவளுக்கே போன் போட்டேன்.

"புதுசா டிரைவர் வந்துச்சா சித்தப்பா?"

"ஆமா."

"அப்போ அது இப்ப சரியா ஊத்துது. நாமதான் இன்னும் மாத்தி வச்சிட்டிருக்கோம்."

டிரைவரைத் திருத்திவிட்டார்கள்! சட்டையை இரண்டாவது முறை திருப்பும் ஆள் இல்லை. என்னுடைய ஒரு திருப்பல் மட்டும் அப்படியே நின்றது. முன்பு மருந்தாக இருந்த வரி இப்போது நோயாகிவிட்டது.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அந்த வரிக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. முன்னால் ஒரு குறி போட்டு எழுதினால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிவிடும். மனிதர்களுக்கு மட்டும் தெரிகிற குறிப்பு அது. நான் எழுதவில்லை. கோடையிலேயே, எனக்குத் தெரியாமல் அவள் எழுதியிருக்கிறாள்:

'சித்தப்பா மறந்துடுவாங்க. டிரைவர் மூக்கைச் சரி பண்ணினதும் கீழே இருக்கிற வரியை எடுத்துடவும்.'

எடுத்தேன். கிளி வீடியோவைப் போட்டேன். மூக்கு சிவப்பு.

"நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார் அம்மா.